குளிருக்கும் வெயிலுக்கும் நடுவில் தனி விமானம்: நம்ம பக்கத்து வீடுகளில் கேட்கும் கேள்விகள்

கோவை பீளமேட்டில் உட்கார்ந்து 11 வருடமாகப் பயண ஏற்பாட்டு வேலை பார்க்கிறேன். வருடத்தில் இரண்டு தடவை என் போன் ஓயாது. பங்குனி பிறந்ததும் ஈரோடு, கரூர், பரமத்தி பக்கத்திலிருந்து, "இந்த வெயிலைப் பெரியவங்க தாங்க மாட்டாங்க, ரெண்டு மாசம் காஷ்மீர்ல வெச்சுக்கலாம்னு இருக்கோம், தனி விமானம் எவ்வளவு ஆகுங்க" என்று கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் பிள்ளைகள் கூப்பிட்டு, பனி விழுவதற்குள் அப்பா அம்மாவை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

தனி விமானம் எடுப்பதும் டிக்கெட் எடுப்பதும் ஒன்றுதானே, விலை மட்டும்தானே அதிகம்?

இல்லை. டிக்கெட் என்பது பஸ்ஸில் சீட் பிடிப்பது. இது கல்யாணத்துக்கு வண்டி பிடிப்பது. பழனிக்கு ஒரு டெம்போ டிராவலர் பேசினால் என்னவெல்லாம் கேட்பீர்கள்? வண்டி எங்கிருந்து வருகிறது, அப் அண்ட் டவுனா, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புமா, வெயிட்டிங் எவ்வளவு, டிரைவர் பேட்டா யார் தருவது. விமானத்திலும் அதே கேள்விகள்தான். இரண்டு பேர் போனாலும் ஏழு பேர் போனாலும் வாடகை ஒன்றுதான், ஏனென்றால் நீங்கள் எடுப்பது முழு வண்டியை.

சரி, காஷ்மீருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வர எவ்வளவு ஆகும்?

இதற்கு நேரடியாக ஒரு தொகை சொல்பவரை நம்பாதீர்கள். விமானம் அன்றைக்கு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. கணக்கு எப்படி வருகிறது என்று காட்டுகிறேன், பிறகு நீங்களே எந்த விலைப்பட்டியலையும் படித்துவிடலாம்.

கோவையிலிருந்து ஸ்ரீநகர் நேர்கோட்டில் சுமார் 2,550 கிலோமீட்டர். சின்ன ஜெட் என்றால் ஏறி இறங்கும் நேரத்தோடு ஏறத்தாழ 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வாடகை ஜெட்டுகளில் பெரும்பாலானவை டெல்லியிலும் மும்பையிலும் நிற்பவை. நம் அதிர்ஷ்டத்துக்குப் பெங்களூரில் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது கோவைக்கு வர ஒரு மணி நேரம், உங்களைக் கொண்டுபோய் விட 4 மணி, காலியாகப் பெங்களூருக்குத் திரும்ப இன்னொரு 4 மணி. ஆக 9 மணி நேரம். கணக்குக்காக மணிக்கு 2 லட்சம் என்று போட்டால் (இது விலை அல்ல, கணக்குக்கு எடுத்துக்கொண்ட எண்) 18 லட்சம். இரண்டு மாதம் கழித்து உங்களைக் கூட்டிவர அதே 9 மணி நேரம் மறுபடியும். மொத்தம் 36 லட்சம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 6 லட்சத்து 48 ஆயிரம், ஆக 42 லட்சத்து 48 ஆயிரம். ஆறு பேர் போனால் தலைக்கு 7 லட்சத்தைத் தாண்டுகிறது. இதில் விமான நிலையக் கட்டணம், பைலட்டுகளின் தங்கும் செலவு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்பதை வேறு கேட்க வேண்டும்.

இதே குடும்பம் மூன்று நாள் மட்டும் போய் வந்தால் என்ன ஆகும்? விமானம் அங்கேயே நிற்கும். வர ஒன்று, போக 4, திரும்ப 4, பெங்களூருக்குப் போக ஒன்று, மொத்தம் 10 மணி நேரம். நிற்கும் நாளுக்கென்று குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று போடுவார்கள், பல இடங்களில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் பறந்ததாகக் கணக்கு. அதைச் சேர்த்தாலும் முதல் கணக்கை விடக் குறைவுதான்.

அதாவது குளிர் ஊருக்குப் போய்ப் பருவம் முழுக்கத் தங்கித் திரும்புவதுதான் தனி விமானத்துக்கு மிகவும் பொருந்தாத பயணம், ஏனென்றால் விமானம் ஒரு முறை காலியாகத் திரும்புகிறது, கூட்டிவர இன்னொரு முறை காலியாக வருகிறது, அந்த இரண்டு காலிக்கும் காசு கொடுப்பது நீங்கள். இதை நான் முதல் போனிலேயே சொல்லிவிடுவேன். இந்தக் காலியை எப்படிக் குறைப்பது என்பதில்தான் என் வேலையே இருக்கிறது.

அந்தக் காலி ரிட்டனை எப்படிக் குறைப்பது?

மூன்று வழி உண்டு. ஒன்று, "எம்ட்டி லெக்" என்று சொல்வார்கள், யாரையோ இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் விமானத்தில் நீங்கள் ஏறிக்கொள்வது. வாடகை நன்றாகக் குறையும். ஆனால் அந்த "யாரோ" பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டால் உங்கள் பயணமும் போயிற்று. இடுப்பு வலியோடு பையைக் கட்டி வைத்திருக்கும் அமுச்சியிடம் இதை விளக்க முடியாது. அதனால் தேதி நெகிழ்வாக இருப்பவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

பருவத்தில் இன்னொரு சிக்கல், எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். சித்திரையில் தெற்கிலிருந்து வடக்கே மலைக்குப் போக ஆள் இருக்கும், அங்கிருந்து கீழே வர ஆள் இருக்காது. அமெரிக்காவிலும் அப்படித்தான். கார்த்திகை வாக்கில் நியூயார்க், டொரன்டோ பக்கமிருந்து ஃப்ளோரிடாவுக்குப் பெரியவர்கள் கூட்டமாக இறங்குவார்கள், அந்த ஊரில் அவர்களுக்கு "பனிப்பறவைகள்" என்றே பெயர். அப்போது தெற்கே போக விலை ஏறும், வடக்கே திரும்பும் விமானங்கள் காலியாக வரும். நீங்கள் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறவராக இருந்தால்தான் காலி விமானம் உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. டெல்லிப் பக்கத்திலிருந்து கோவைக்குச் சிகிச்சைக்கு வருபவர்கள், ஊட்டியில் கோடையைக் கழிக்க வருபவர்கள் இருக்கிறார்கள். உங்களை ஸ்ரீநகரில் இறக்கிய விமானம் டெல்லியில் அவர்களை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வந்தால் இரண்டு வீட்டுக்கும் லாபம். ஆனால் நீங்களே சீட் சீட்டாகப் பிரித்து விற்கக் கூடாது. இரண்டு குடும்பமும் தனித்தனியாக ஆபரேட்டரிடம், அதாவது விமானத்தை வாடகைக்கு ஓட்டும் நிறுவனத்திடம் பேசி, தனித்தனி பில் வாங்க வேண்டும்.

மூன்றாவது, தூரத்தைக் குறைப்பது. கோவை–டெல்லி வழக்கமான விமானத்தில் போங்கள், வீல்சேர் சொல்லி வைத்தால் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். கஷ்டமான கடைசித் துண்டுக்கு மட்டும் தனி விமானம் எடுங்கள். செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

முதலில் அவரிடம் விமானத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்திய விமானம் என்றால் வி.டி. என்று ஆரம்பிக்கும். அப்புறம் அந்த எண் எந்த நிறுவனத்தின் "நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட்"டில் இருக்கிறது என்று கேளுங்கள். மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. தரும் இந்தப் பெர்மிட் இருந்தால்தான் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றலாம்.

நம் ஊர் மொழியில் சொன்னால் இது மஞ்சள் போர்டு. ஒரு மில் முதலாளி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம் வெள்ளை போர்டு. அதை வாடகைக்கு விட்டால் சட்டப்படி தப்பு என்பதோடு முடியவில்லை, ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். திருப்பூரில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஒரு தரகரை நம்பி முழுப் பணமும் கட்டிவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் இரவு பேப்பரைக் காட்டச் சொன்னபோதுதான் அது தனியார் உபயோக விமானம் என்று தெரிந்தது. பயணத்தை நிறுத்திவிட்டார்கள். பணம் திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று, அதுவும் முழுசாக வரவில்லை. அவர்கள் நிறுத்தியதுதான் சரி என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அமெரிக்காவில் எடுப்பவர்கள் ஆபரேட்டரிடம் அந்த நாட்டு விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. தரும் "பார்ட் 135" சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கும் வெள்ளை போர்டு தொல்லை இருக்கிறது.

எந்த விமானம் நல்லது? படத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறதே.

படத்தைப் பார்க்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். கிங் ஏர் பி200 என்ற புரொபெல்லர் விமானமும் சைட்டேஷன் சி.ஜே.2 மாதிரியான சின்ன ஜெட்டுகளும் வாடகை குறைவு, ஆனால் உள்ளே ஏறத்தாழ 145 சென்டிமீட்டர்தான் உயரம். நிமிர்ந்து நடக்க முடியாது, குனிந்துதான் போக வேண்டும். முட்டி தேய்ந்த பெரியவர்களுக்கு அந்தப் பத்தடி குனிந்து நடப்பது பழனி படிக்கட்டை விடக் கஷ்டம். ஹாக்கர் 800 வகையில் 175 சென்டிமீட்டர் இருக்கும், ஓரளவு நடக்கலாம். லெகஸி, சேலஞ்சர் மாதிரி பெரியவற்றில் ஆறடி ஆள் நிற்கலாம்.

அடுத்தது கழிப்பறை. இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்கக் கூச்சப்படுகிறார்கள், நானே கேட்டுவிடுவேன். பல சின்ன ஜெட்டுகளில் கழிப்பறை என்பது பின்னால் ஒரு இருக்கைக்குக் கீழே, மறைப்புக்கு ஒரு திரை அல்லது மெல்லிய தடுப்பு. 4 மணி நேரப் பயணத்தில் சர்க்கரை இருக்கும் ஒரு பெரியம்மா அதைப் பயன்படுத்த மாட்டார்கள். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து, மேலே போய் மயங்கிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். கதவு வைத்த கழிப்பறை இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பெட்டி விஷயமும் உண்டு. சின்ன ஜெட்டின் சாமான் அறையில் பெரிய கெட்டிப் பெட்டிகள் நுழையாது. துணிப் பைகளாகக் கட்டுங்கள். ஒவ்வொருவரின் எடையையும் கேட்பார்கள், உண்மையைச் சொல்லுங்கள், விமானத்தின் எடைக் கணக்கு அதை வைத்துத்தான் போடப்படுகிறது.

அப்புச்சிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. விமானத்தில் கூட்டிப் போகலாமா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவருடைய டாக்டர். ஆனால் டாக்டரிடம் கேட்பதற்கு உதவியாக ஒன்று சொல்கிறேன்.

விமானம் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். பயணிகள் விமானத்திலும் ஜெட்டிலும் அது அதிகபட்சம் சுமார் 8,000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், அதாவது 2,440 மீட்டர். நம் ஊட்டி 2,240 மீட்டர். ஆக, விமானத்தில் உட்கார்வது ஏறத்தாழ ஊட்டியில் உட்கார்வது மாதிரி. அப்புச்சியைக் கடைசியாக ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது மூச்சு வாங்கினாரா, பேசும்போது நின்று நின்று பேசினாரா? அதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது அவருக்கு நிறைய விஷயம் சொல்லும். ஆக்சிஜன் மெஷின் தேவைப்பட்டால் ஆபரேட்டரிடம் முன்கூட்டியே மாடலைச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். கண்ணில் விழித்திரை ஆபரேஷன் செய்து உள்ளே வாயு வைத்திருந்தால் அது கரையும் வரை எந்த விமானத்திலும் ஏறவே கூடாது.

தனி விமானம் என்பதால் உடம்புக்குக் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே நர்ஸ் இருக்க மாட்டார். படுக்க வைத்துக் கூட்டிப்போக வேண்டிய நிலைமை என்றால் அதற்கு ஏர் ஆம்புலன்ஸ் என்று தனியாக இருக்கிறது.

லே, லடாக் இன்னும் குளிராக இருக்குமே, அங்கே கூட்டிப் போகலாமா?

பெரியவர்களை வேண்டாம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே விமான நிலையமே 3,256 மீட்டர். கோவை சுமார் 400 மீட்டர். காலையில் பீளமேட்டில் காபி குடித்துவிட்டு மதியத்துக்குள் தொட்டபெட்டாவுக்கு மேலே 600 மீட்டர் ஏறி நிற்பது என்றால் உடம்பு என்ன செய்யும்? இளைஞர்களே முதல் 48 மணி நேரம் அசையாமல் ஓய்வெடுக்க வேண்டும். தனி விமானம் இங்கே நல்லதை விடக் கெடுதலைத்தான் வேகமாகக் கொண்டுவரும், படிப்படியாக ஏறும் வாய்ப்பே இல்லாமல் போகிறது.

பறப்பதிலும் சிரமம் உண்டு. லேயில் மதியத்துக்கு மேல் காற்று பலமாகிவிடும் என்பதால் விமானங்கள் காலையில்தான் வந்து போகும். அந்த இடத்துக்கென்று தகுதி பெற்ற பைலட் வேண்டும். உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால் விமானம் குறைந்த எடையோடுதான் எழும்ப முடியும், வெயில் ஏற ஏற இன்னும் குறையும். சிம்லா, குலு ஓடுபாதைகள் குட்டை, ஏறத்தாழ 1,200 மீட்டர்தான், கோவையில் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் இருக்கிறது. பெரும்பாலான ஜெட்டுகளுக்கு அந்த இரண்டும் ஆகாது. குளிர்தான் வேண்டும் என்றால் ஸ்ரீநகர், அல்லது டேராடூனில் இறங்கி முசூரிக்குக் கார்.

ஊட்டிக்கே விமானத்தில் போக முடியாதா?

முடியாது, அங்கே ஓடுபாதை இல்லை. தீட்டுக்கல்லில் ஹெலிபேட் இருக்கிறது, அது பெரும்பாலும் அரசு வி.ஐ.பி.களுக்கு. ஒரு காலத்தில் மதராஸ் அரசாங்கமே கோடையில் ஊட்டிக்கு இடம் மாறியது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரைக்கும் மலை ரயில் 1908-ல் போய்ச் சேர்ந்தது. உண்மையில் நம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் கோத்தகிரியில் ஒரு வீட்டை இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்தாலே போதும். அப்பா அம்மா எப்போது வேண்டுமானாலும் மூன்று மணி நேரத்தில் கீழே வந்து தங்கள் டாக்டரைப் பார்க்கலாம். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து அது இருக்கிறது.

கோவையிலிருந்து நேராக அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ தனி விமானம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் நான் ஒருவருக்கும் சிபாரிசு செய்ததில்லை. டொரன்டோ இங்கிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். லெகஸி 650 கூட 7,200 கிலோமீட்டர்தான் பறக்கும், வழியில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். குளோபல் 6000 சுமார் 11,000 போகும், அதுவும் நடுவில் ஒரு தடவை இறங்கும். அந்த அளவு விமானங்களின் வாடகை, மேலே போட்ட காஷ்மீர் கணக்கைப் பல மடங்கு தாண்டும், காலியாகத் திரும்பும் தூரமும் 13,000 கிலோமீட்டர். அந்தப் பணத்தில் நான்கு பேர் பல வருடம் பிசினஸ் கிளாஸில் படுத்துக்கொண்டே போய் வரலாம். கோவையிலிருந்து அபுதாபி, சிங்கப்பூர் என்று நேர் விமானம் இருக்கிறது, அங்கே மாறிக்கொள்ளலாம். மாறும் இடத்தில் ஒரு ராத்திரி ஹோட்டலில் தூங்க வையுங்கள். பெரியவர்களை வாட்டுவது நெரிசலை விட இடைவிடாத பயணம்தான்.

நியூஜெர்சியில் இருக்கிறோம். அப்பா அம்மாவைக் குளிருக்கு ஃப்ளோரிடா கூட்டிப்போகத் தனி விமானம் சரியா?

இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தூரம் குறைவு, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நியூயார்க் பக்கத்தில் டீட்டர்போரோ என்று தனி விமானங்களுக்கான நிலையமே இருக்கிறது, காரிலிருந்து விமானம் வரை நடை மிகக் குறைவு. உள்நாட்டுப் பயணத்துக்கு 7.5 சதவீதம் மத்திய வரி போடுவார்கள், விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றி தெரிவிக்கும் நாள் வாரம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, இந்த நாட்களைத் தொடாதீர்கள். ஒரு வாரம் முன்னாலோ பின்னாலோ போனால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

குளிர் ஊரில் இறங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சாமான் அறையில் வைக்காதீர்கள். பெரிய விமானத்தில் இறங்கும்போது மூடிய நடைபாதை வழியாக நேராகக் கட்டிடத்துக்குள் போவீர்கள். தனி விமானத்தில் கதவு திறந்தால் திறந்த வெளி, குறுகலான நாலைந்து படி, மைனஸ் பத்தில் அடிக்கும் காற்று. படியில் உறைபனி இருக்கலாம். வேட்டியும் செருப்புமாக ஏறிய பெரியவருக்கு இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே சாக்ஸ், ஷூ, தொப்பி எல்லாம் போட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது இறக்கையில் பனி படிந்திருந்தால் அதை மருந்து அடித்துக் கரைக்காமல் விமானம் எழும்பக் கூடாது. இந்த "டீ-ஐசிங்" செலவு பெரும்பாலும் வாடகையில் சேராது, பிறகு தனி பில்லாக வரும், அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம். முந்தின இரவு விமானத்தை ஹேங்கரில் நிறுத்தச் சொன்னால் செலவு குறையும்.

வானிலையால் நின்றுபோனால் பணம் திரும்புமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதனால் கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். மார்கழி, தை மாதங்களில் டெல்லியில் பனிமூட்டம். பெரிய விமானங்கள் எதிரில் எதுவும் தெரியாதபோதும் இறங்கும் கருவியும் பயிற்சியும் கொண்டவை, வாடகைக்கு வரும் சின்ன ஜெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. அதனால் டிக்கெட் எடுத்தவர் போய்ச் சேர்ந்திருப்பார், தனி விமானம் எடுத்த நீங்கள் ஜெய்ப்பூரில் உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் சின்ன விமானம் இறங்கும்போது நன்றாகவே ஆடும், பயப்பட வேண்டாம் என்று பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். போர் மாதிரி நிலைமைகளையும் யோசியுங்கள். 2025 மே மாதம் ஸ்ரீநகர், லே உட்பட வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களைச் சில நாட்கள் மூடினார்கள். அந்த நேரத்தில் தங்குவதற்கும் திரும்புவதற்கும் ஆகும் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பைலட் போக முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். முகூர்த்தம் தப்பிவிடும், இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம் என்று ஒருவர் என் கண்முன்னே பைலட்டிடம் சத்தம் போட்டிருக்கிறார். 2021 டிசம்பர் 8-ம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. முப்படைத் தலைமைத் தளபதியே இருந்த ஹெலிகாப்டர், தேர்ந்த விமானி. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததுதான் காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் சொன்னார்கள். அந்த மலை நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலை.

தனி விமானத்தில் போனால் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் கிடையாதா?

எல்லாம் உண்டு. விசா, தங்கத்துக்கான வரம்பு, பாதுகாப்புச் சோதனை எதுவும் மாறாது. வரிசை மட்டும் சின்னது.

பருப்புப் பொடி, மஞ்சள் கொண்டுபோகலாமா?

பொடி வகைகளில் பொதுவாகப் பிரச்சினை இல்லை, படிவத்தில் எழுதிவிடுங்கள். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது, அது எலுமிச்சை வகை மரங்களைக் கொல்லும் நோயைக் கொண்டுபோகும் என்று தடை செய்திருக்கிறார்கள். மாம்பழமும் கூடாது. எந்த விமானத்தில் போனாலும் இதுதான் சட்டம்.

வீட்டு நாயைக் கூட்டிப்போகலாமா?

நிறையப் பேர் தனி விமானம் கேட்பதே இதற்காகத்தான், மடியிலேயே வைத்துக்கொண்டு போகலாம் என்பதால். உள்நாட்டில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. வெளிநாட்டிலிருந்து நாயோடு வருபவர்கள் நேராகக் கோவையில் இறங்க முடியாது. விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகம் உள்ள சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, மும்பை, டெல்லி, கொல்கத்தா இதில் ஒன்றில் முதலில் இறங்க வேண்டும், முன்கூட்டியே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அமெரிக்காவுக்குள் போக 2024 ஆகஸ்டிலிருந்து நாய்க்கு 6 மாதம் நிறைந்து மைக்ரோசிப் இருக்க வேண்டும், இந்தியா வெறிநாய்க்கடி ஆபத்து அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பதால் தடுப்பூசிச் சான்றுகள் கூடுதலாகக் கேட்பார்கள். மூன்று நான்கு மாதம் முன்பே ஆரம்பித்தால்தான் முடியும்.

பருவத்துக்குப் பருவம் மாறி மாறி இருந்தால் நாள் கணக்கு ஏதாவது பார்க்க வேண்டுமா?

கட்டாயம். அப்பா அம்மா அமெரிக்காவுக்கு விசிட்டர் விசாவில் போனால் பொதுவாக ஒரு தடவைக்கு 6 மாதம் வரை தருவார்கள், அங்கே இறங்கியதும் இமிக்ரேஷனில் தரும் தேதிதான் கணக்கு. கனடா சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு 5 வருடம் வரை இருக்கலாம். ஒன்டாரியோவில் குடியிருக்கும் பிள்ளைகள் குளிருக்கு இங்கே வந்துவிட்டால் எச்சரிக்கை, 12 மாதத்தில் 153 நாளாவது அங்கே இருந்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடு நிலைக்கும். இங்கே நிலமும் வாடகையும் இருந்து இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்கள் வருமான வரிக்கு இங்கே குடியிருப்பவராகக் கணக்கிடும் 120 நாள் என்ற வரம்பை மறந்துவிடாதீர்கள், மற்றவர்களுக்கு 182. கார்த்திகையில் வந்து பங்குனி வரை பேரப்பிள்ளை காதுகுத்துக்கு இருந்துவிட்டுப் போனால் 120 தாண்டிவிடும். டிக்கெட்டுக்கு முன்னால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை.

அப்படியானால் யாருக்குத்தான் தனி விமானம் பொருந்தும்?

ஒரே வீட்டில் ஆறு ஏழு பேர், அதில் மூன்று பேராவது கூட்டத்தில் நிற்க முடியாத நிலையில் இருப்பவர்கள், போகும் ஊருக்கு நேர் விமானம் இல்லை, காலி ரிட்டனுக்கு எதிர்த்திசையில் ஆள் கிடைத்திருக்கிறது, பணம் கடன் வாங்கியது அல்ல. இத்தனையும் சேர்ந்தால் நானே ஓடி ஓடி ஏற்பாடு செய்வேன். கீமோ முடித்து எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு அம்மாவை அப்படித்தான் டேராடூனுக்கு அனுப்பினோம், அங்கே மகள் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. மற்றபடி, தலைக்குக் கணக்கிட்டால் தனி விமானம் வழக்கமான விமானத்தை விடப் பல மடங்கு புகை விடுகிறது என்பதையும் நான் சொல்லாமல் விடுவதில்லை. வெயில் ஏறுகிறது என்றுதானே எல்லோரும் ஓடுகிறோம்.

உங்களைக் கூப்பிடும்போது என்ன விவரம் கையில் வைத்திருக்க வேண்டும்?

எத்தனை பேர், ஒவ்வொருவரின் வயதும் எடையும், யாருக்கு நடக்கக் கஷ்டம், என்ன மருந்து சாப்பிடுகிறார்கள். போகும் தேதியும் வரும் தேதியும், இரண்டு மூன்று நாள் முன்பின் தள்ள முடியுமா. சேலம், நாமக்கல் பக்கம் என்றால் காமலாபுரத்தில் ஏற வசதியா என்பதையும் சொல்லுங்கள், அங்கே ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், சில சின்ன விமானங்கள் வரும். முகூர்த்த நாட்களையும் தேர்தல் மாதங்களையும் தவிர்த்தால் நல்லது, தேர்தலில் கட்சிக்காரர்கள் எல்லா விமானங்களையும் எடுத்துவிடுவார்கள். அப்புறம், பயணம் போகப்போகிற பெரியவரையே போனில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். அவருக்குப் போக இஷ்டமா என்று நான் அவரிடமே கேட்பேன்.